உட்கார முடியாத வருஷங்கள்

கண்ணு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. படித்த அன்றே பதில் எழுத ஆரம்பித்தேன், இரண்டு காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. நெல் பத்தாயத்தின் மூடி எனக்கு நெஞ்சு உயரம் வரும். அதன்மேல் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். என் அப்பா, உன் அப்புச்சி, என்னை ஐந்தாவது வரை படிக்க வைத்தது இப்படி நின்று எழுதத்தான் என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்காது.

மருமகள் தாய்வீட்டிலிருந்து கைக்குழந்தையோடு உன்னிடம் வந்து ஒரு மாதமாகிறது, அவளால் உட்கார முடியவில்லை, முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் ஆணி வைத்தாற்போல் குத்துகிறது என்கிறாள், பிரசவத்திலிருந்தே இப்படித்தானாம் என்று எழுதியிருந்தாய். அந்த ஊர் டாக்டர் ஊசி போடலாம் என்கிறார், அதற்கும் கேட்காவிட்டால் அந்த நுனி எலும்பையே அறுத்து எடுத்துவிடலாம் என்கிறார். பக்கத்து வீட்டில் ஒரு தைலம் சொல்கிறார்கள். உன் மாமனார் எலும்பு வைத்தியரிடம் கூட்டிப்போகச் சொல்கிறார். 'அம்மா, நீங்களும் கிணற்றுப் படியில் விழுந்து இதே வலியில் கஷ்டப்பட்டவங்கதானே, எல்லா வைத்தியமும் பார்த்திருப்பீங்க, எது நல்லது?' என்று கேட்டிருந்தாய்.

நான் கிணற்றுப் படியில் விழவே இல்லை, சாமி.

விழுந்ததாக உனக்குச் சொல்லி வைத்தது நான்தான். உனக்கு ஆறு வயதிருக்கும். 'எல்லாரும் சம்மணம் போட்டு உக்காந்து உண்றாங்க, நீ மட்டும் ஏம்மா மாட்டீங்கற?' என்று கேட்டாய். உண்மையைச் சொன்னால் அதை நீ ஆயுளுக்கும் சுமப்பாய் என்று பயம். வாயில் வந்தது கிணற்றுப் படி. நீ நேராகக் கிணற்றுக்குப் போய், ஒரு கல்லை எடுத்து அந்தப் படியை அடித்துவிட்டு வந்தாய். அன்றைக்கு நான் சிரித்தேனா அழுதேனா என்று இப்போது ஞாபகமில்லை. பொய் மட்டும் நிலைத்துவிட்டது.

அது நடந்தது நீ பிறந்த அன்று. இரண்டு நாளாக வலி எடுத்தும் நீ வெளியே வரவில்லை. கடைசியில் வந்தபோது எனக்குள்ளே காய்ந்த முருங்கைக் குச்சி ஒடிந்தது போல ஒரு சத்தம். மருத்துவச்சிக்கும் அது கேட்டது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் நீ வீறிட்டு அழுதாய், இரண்டு பேரும் அந்தச் சத்தத்தை மறந்துவிட்டோம். அதில் உன் தப்பு ஒன்றுமில்லை. என் தப்பும் இல்லை. ஆனால் உன் குழந்தைக்கும் இதை ஒரு நாள் யாராவது சொல்ல வேண்டியிருக்கும். கிணறு, படி என்று எதையும் கட்டிச் சொல்லாமல் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நான் அதைச் செய்யாததால்தான் இப்போது இத்தனை காகிதம் ஆகிறது.

பிள்ளை பெற்று எழுந்து, முதல்முறையாகத் தரையில் உட்காரப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. நிற்கும்போது வலி இல்லை. நடந்தால் இல்லை. உட்கார்ந்தால் நெருப்பு, உட்கார்ந்துவிட்டு எழும்போது அதைவிட நெருப்பு. அதனாலேயே யாரும் நம்பவில்லை. நன்றாக நடமாடுகிறவளுக்கு அப்படி என்ன வலி? உன் அப்பாவின் அக்கா, உன் அத்தை, அப்போது நம்மோடுதான் இருந்தாள் என்பது உனக்குத் தெரியும். ஒரு நாள் அவள் நேராகவே கேட்டுவிட்டாள்: "மாவரைக்க உக்காந்தா மட்டும் வலிக்குது, காட்டுக்குச் சோறு கொண்டுபோக வலிக்கறதில்லையாக்கும்?" உன் அப்பா அவள் பக்கமும் பேசவில்லை, என் பக்கமும் பேசவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கு எழுந்து போய்விட்டார். உனக்கு நான் பால் கொடுத்ததெல்லாம் ஒருக்களித்துப் படுத்துத்தான். நீ பசியாறியதும் அத்தை வந்து தூக்கிக்கொண்டு போவாள். என் மடியில் நீ கிடந்ததே கிடையாது.

நீ கேட்ட வைத்தியங்களுக்கு வருகிறேன். முதலில் உள்ளூர் வைத்தியர். நொச்சி இலையையும் ஆமணக்கு இலையையும் வதக்கி ஒத்தடம், கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம், மேலே தடவ ஒரு தைலம். சூடு இருக்கிற வரைக்கும் சொர்க்கம். ஆறிவிட்டால் பழையபடி. ஒரு நாள் அவசரத்தில் உப்பைச் சூடு தணியாமல் வைத்துத் தோல் கொப்பளித்துவிட்டது, அப்புறம் ஒரு வாரம் படுக்கவும் முடியவில்லை. ஆனாலும் அந்த வைத்தியத்தைக் குறை சொல்ல மாட்டேன். பனிக்காலத்தில் இன்றைக்கும் உப்பு ஒத்தடம் வைத்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரச் சுகமும் சுகம்தானே. தைலம் வாங்கினால் வாங்கு. அது குணப்படுத்தும் என்று மட்டும் அவளிடம் சொல்லாதே.

அடுத்தது உதை. தலைக்குப் பதில் கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர்கள் உதைத்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டல்லவா. பக்கத்து ஊரில் அப்படிப் பிறந்த ஒரு பெண் இருந்தாள். அவளுக்கே கூச்சம், பாவம். மூன்று செவ்வாய்க்கிழமை வரவேண்டும் என்று ஏற்பாடு. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "மெதுவா உதைக்கட்டுங்களா, பலமாவா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அத்தை, "பலமாவே போடு" என்றாள். மூன்றாவது செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் பத்து நாள் என்னால் நடக்கவும் முடியவில்லை. எலும்பு வைத்தியரிடமும் போனோம். கை காலை முறித்துக்கொண்டு போனால் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி நேராக்கி அனுப்புவார், கெட்டிக்காரர். அவர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "இது நம்ம கைக்கு அகப்படற எலும்பு இல்லீங்க. இதுக்குப் பத்தையை எங்க கட்டறது?" என்னை ஏமாற்றாத மனிதர் என்று இன்றும் அவர்மேல் மரியாதை உண்டு. உன் மாமனாரிடம் இதைப் பதமாகச் சொல்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, உன் அப்பா ஒரு நாள் விடியலில் வண்டி பூட்டினார். வைக்கோல் பரப்பி மேலே போர்வை விரித்திருந்தார். ஊர் எல்லை தாண்டவில்லை, ஒவ்வொரு குழியிலும் என் உயிர் உச்சிக்குப் போய் வந்தது. இறங்கிக்கொண்டேன். வண்டி முன்னால் போக நான் பின்னால் நடந்தேன். எதிரே வந்த ஒரு பெரியவர் உன் அப்பாவைப் பார்த்து, "ஏனுங்க, பொம்பளையை நடக்க உட்டுப்போட்டு நீங்க வண்டியில சொகமாப் போறீங்களாக்கும்?" என்றார். அவர் போன பிறகு உன் அப்பா கீழே குதித்து, மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். காலி வண்டி நடுவில், நாங்கள் முன்னும் பின்னுமாக. வெயில் ஏறி, புளியமரங்களின் நிழல் சுருங்கி, மறுபடியும் நீண்டது. எத்தனையோ கல் தூரம் கழித்துத் திரும்பாமலே சொன்னார்: "இத்தனை தூரம் நடக்கறதே மேலுன்னா, புள்ள, அது எப்படிப்பட்ட வலியா இருக்கோணும்." அந்த ஒரு வார்த்தைக்காக நான் காசி வரைக்கும் நடந்திருப்பேன்.

டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்தார். நுனி எலும்பு உள்பக்கமாக மடங்கியிருக்கிறது என்றார். "அறுத்து எடுத்துட்டா போயிருமுங்களா?" என்று உன் அப்பா கேட்டார். "சிலருக்குப் போகும். சிலருக்கு எலும்பு போன பிறகும் வலி போகாது. அதைக் கடைசியில் யோசிக்கலாம், அவசரமில்லை" என்றார். வெந்நீர் நிறைத்த தொட்டியில் காலையும் மாலையும் உட்காரச் சொன்னார், கட்டாந்தரையில் உட்காரக் கூடாது, மலச்சிக்கல் வரவே கூடாது, முக்கினால் அந்த எலும்புக்குத்தான் கேடு என்றார். இவ்வளவும் சரியான பேச்சு என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அப்போது வீட்டில் அண்டாவில் வெந்நீர் ஊற்றி உட்கார்ந்தால் அத்தை கதவோரம் நின்று பெருமூச்சு விடுவாள். ஒரு வாரம் செய்தேன். வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். அது என் முட்டாள்தனம். மருந்து தப்பில்லை, அதைச் செய்ய எனக்கு ஒரு கதவு சாத்தின அறை இல்லை.

வெள்ளையம்மா வந்தது உனக்கு மூன்று வயது ஆகப்போகிற சமயம். கொல்லிமலையில் குண்டூர் நாட்டுக்காரி, என் வயதுதான் இருக்கும். தன் ஊரில் பிரசவம் பார்க்கிறவள். மிளகும் வாழைத்தாருமாகச் சுமந்து வாரச் சந்தைக்கு இறங்கி வரும்போது நம் வாசல் புளியமரத்து நிழலில் இளைப்பாறுவாள். நான் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு சாப்பிடுவதை அன்றைக்குப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க அம்மிணி, உள்ள எடமா இல்ல? நின்னுட்டே உண்றீங்க?"

"உக்கார முடியறதில்லை."

அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, தன் முதுகின் அடியைத் தொட்டுக் காட்டி, "இங்கயா?" என்றாள். சரியாக அந்த இடம். "எனக்கு ரெண்டு வருசம் இருந்துச்சுங்க. பாறையில வழுக்கி உழுந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே சுமைக்கு அடியில் தலையில் வைத்திருந்த சும்மாட்டை எடுத்தாள். பழந்துணியைப் புரியாக முறுக்கி வளையமாகச் சுற்றியது. அதை வாசல் கல்லின்மேல் வைத்தாள். "இதும்மேல உக்காருங்க. அந்த எலும்பு நடு ஓட்டையில நிக்கட்டும், கல்லுல படவேண்டாம். கொஞ்சம் முன்னால குனிஞ்சாப்பல உக்காருங்க."

உட்கார்ந்தேன். கிட்டத்தட்ட மூன்று வருஷத்துக்கு அப்புறம், ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் பல்லைக் கடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மலைக்கு வாங்க அம்மிணி. கொஞ்ச நாள் இருங்க. நான் பாத்து உடறேன். பையனையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

உன்னை நான் கூட்டிப்போகவில்லை. மலை ஏறுவது கஷ்டம், குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது என்று எல்லாரிடமும் சொன்னேன். உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்: கொஞ்ச நாளைக்கு யாரும் என்னை அம்மா என்று கூப்பிடாமல் இருந்தால் தேவலை என்று இருந்தது. விடியலில் கிளம்பினோம். அத்தையின் இடுப்பில் இருந்தபடி நீ கை ஆட்டினாய். உன் அப்பா மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏற, நான் பின்னால் ஏறினேன். எத்தனை செங்குத்தாக இருந்தால் என்ன, நடப்பதுதானே. எனக்கு நடக்க வலிக்காதே.

அந்த மலையைப் பற்றி எழுத வரும்போதெல்லாம் கை தானாக மெதுவாகிறது. வெள்ளையம்மாவின் குடிசை ஒரு சரிவில் இருந்தது, கீழே சாமைக்காடு, அதற்கும் கீழே பலா மரங்கள், ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி. காலையில் இது எதுவும் இருக்காது. வெளியே வந்தால் வெள்ளை மட்டும்தான். மூடுபனி கதவு வழியாக உள்ளே வந்து, அடுப்பங்கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும். மாட்டின் கழுத்துமணி கேட்கும், மாடு தெரியாது. எங்கோ ஓடை ஓடுகிற சத்தம் கேட்கும், எந்தப் பக்கம் என்று தெரியாது. பிறகு மெல்ல ஒரு மரத்தின் உச்சி, அப்புறம் பாதி, அப்புறம் அடி என்று உலகத்தை யாரோ யோசித்து யோசித்துத் திருப்பி வைப்பது போல இருக்கும். அதுவரைக்கும் நான் புல் மெத்தையில் ஒருக்களித்துப் படுத்துக் கிடப்பேன். காயவைத்த மிளகின் காரமும் பலாப்பழத்தின் இனிப்பும் கலந்து ஒரு மணம். எந்தக் கிழமை என்று கேட்டால் யாரும் சட்டென்று சொல்ல மாட்டார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் கிளம்பினால்தான் வாரம் ஒன்று போயிற்று என்று தெரியும்.

அவள் செய்த வைத்தியத்தில் ஒரு பகுதியை உனக்கு எழுதக் கூசுகிறது. மடங்கின எலும்பைப் பிரசவம் பார்க்கிற பெண்ணின் கையால் உள்ளிருந்து மெல்ல நிமிர்த்துவது அது. மருமகளுக்குத் தனிக் காகிதத்தில் எழுதி உள்ளே மடித்து வைத்திருக்கிறேன். அதை நீ பிரிக்காமல் அவளிடம் கொடு. அவள் அதை ஒரு லேடி டாக்டரிடம் காட்டிக் கேட்கட்டும், கண்டவர் கையில் வேண்டாம். மற்றதெல்லாம் எளிது. இலைக் கிழி ஒத்தடம். கீரை, பழம், நிறையத் தண்ணீர். உட்கார வேண்டிய வேலையைக் குந்திச் செய்வது. குந்தினால் பாரம் பாதத்துக்குப் போய்விடும். சாப்பிட உட்கார்ந்தால் சும்மாடு. மீதி நேரம் சரிவில் ஏறி இறங்குவது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஆணி மழுங்கிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் காலையில் வெளியே வந்து, பனியில் நனைந்திருந்த பாறைமேல் சும்மாட்டைப் போட்டு உட்கார்ந்தேன். மிளகுக் கதிரை மடியில் போட்டு உருவிக்கொண்டிருந்தேன். நாலு பக்கமும் வெள்ளை. எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. மரங்கள் தெரிய ஆரம்பித்த பிறகுதான், 'நான் உட்கார்ந்திருக்கிறேன்' என்று எனக்கே உறைத்தது. வலியை நினைக்காமல் இருந்திருக்கிறேன். உன்னையும் நினைக்காமல் இருந்திருக்கிறேன். யாருக்கும் மனைவி இல்லை, தாய் இல்லை, மருமகள் இல்லை. பனிக்குள் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்தச் சுகத்தை நான் அதற்கு முன்னாலும் அறிந்ததில்லை, அதற்கு அப்புறமும் அறிந்ததில்லை.

அன்றைக்கே உன் அப்பா மலையேறி வந்தார். நான் வந்து ஒரு மாதம் முடிந்திருந்தது. சரிவில் அவர் குரல் கேட்டதும் எழுந்து நின்றுகொண்டேன்.

"எப்படி இருக்குது? ஊட்டுக்குப் போலாமா?" என்றார்.

"இன்னும் வலிக்குதுங்க" என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "செரி, நல்லா ஆனப்புறமே வா" என்று சொல்லி, கம்பங்களி தின்று, தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். வெள்ளையம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அவர் தலை மறைந்த பிறகு, "வலிக்குதுன்னா சொன்னீங்க, அம்மிணி?" என்றாள். நான் மிளகை முறத்தில் அள்ளினேன். "செரி, கெடக்கட்டும். சாமை அறுப்பு வருது. இருந்து அறுத்துக் குடுத்துட்டுப் போங்க" என்று திரும்பிக்கொண்டாள்.

அப்படித்தான் ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று. சாமை அறுத்தேன். ஓடையில் குளித்தேன். வெள்ளையம்மாவோடு உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசினேன். கீழே சமவெளி ஒரு பழைய கனவு போல மங்கலாகத் தெரியும். நம் ஊர் அதில் எந்தப் பக்கம் என்று முதலில் தேடுவேன். பிறகு தேடுவதையும் விட்டுவிட்டேன்.

ஒரு சந்தை நாள் வெள்ளையம்மா திரும்பி வந்து சுமையை இறக்காமலே நின்றாள். "அம்மிணி, உங்க ஊட்டுப் பக்கம் போயிருந்தேன். பையனுக்கு அம்மை போட்டிருந்துச்சாம். தண்ணி ஊத்தி எட்டு நாளாச்சாம். மொகத்துல ரெண்டு மூணு வடு. வைத்தியம் கெட்டுரும்னு உங்களுக்குச் சொல்லி அனுப்பலையாம்."

நான் அந்த நிமிஷமே இறங்கினேன். இருட்டுமுன் அடிவாரம் சேர வேண்டுமே என்று அவளும் கூட வந்தாள்.

அத்தை வாசலில் உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நீ அம்மையில் கிடந்த பத்து நாளும் வேப்பிலைப் படுக்கைப் பக்கத்திலேயே கிடந்தவள், கண்ணெல்லாம் குழி விழுந்திருந்தது. நான் சும்மாட்டைப் போட்டு உட்கார்ந்து, உன்னை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். முதல் முறை. நீ இரண்டு கையையும் என் மார்பில் ஊன்றி, உடம்பை வில்லாக வளைத்துத் திமிறினாய். "அத்தை, இவங்களப் போகச் சொல்லு" என்றாய். அத்தை சோற்றுக் கையோடு அழுதாள். "உங்கம்மாடா கண்ணு, உங்கம்மாடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். என்னை ஒரு நாளும் நம்பாத அவள்தான் அன்றைக்கு எனக்காக உன்னிடம் கெஞ்சினாள். நீ இறங்கி ஓடிவிட்டாய். அதற்கப்புறம் என்னிடம் வந்தாய், கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்தாய், தோளில் தூங்கினாய். மடிக்கு மட்டும் வந்ததில்லை. அந்த வயது போய்விட்டது. இதை உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. நான் உன்னை வேண்டாமென்று தள்ளி வளர்த்தேன் என்று நீ நினைத்திருந்தால், பாதி உண்மை, பாதி எலும்பு. இரண்டையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

மலையில் நான் சொன்ன அந்தப் பொய்யை இத்தனை வருஷம் உன் அப்பாவிடம் ஒப்புக்கொள்ளவில்லை. உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன், அதற்கு மறுநாள் களத்தில் கடலை காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். மலைக்கு நீங்க வந்த அன்னிக்கு எனக்கு வலி இல்லீங்க, பொய் சொன்னேன் என்று.

"தெரியும்" என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது.

"மேல ஏறி வரும்போதே பாத்தேன். பாறை மேல உக்காந்து மொளகு உருவிட்டு இருந்தே. கொஞ்ச நேரம் அங்கயே நின்னு பாத்துட்டுத்தான் சத்தம் குடுத்தேன்."

"அப்புறம் ஏனுங்க என்னைய உட்டுட்டுப் போனீங்க?"

அவர் கடலையைக் காலால் பரப்பிக்கொண்டே இருந்தார். "அப்ப நீ உக்காந்து மூணு வருசமாயிருந்துச்சு, புள்ள. இன்னுங் கொஞ்ச நேரம் உக்காரட்டும்னு தோணுச்சு."

அதற்கப்புறம் நாலைந்து நாள் என்னால் ஒரு வரி எழுத முடியவில்லை. அதனால்தான் இந்தத் தாமதம்.

எது நல்ல வைத்தியம் என்று கேட்டாய். எல்லாவற்றையும் பார்த்தவள் சொல்கிறேன், எதுவும் முழுசாகப் போக்கவில்லை. மழை நாளில், பஸ்ஸில், நெடுநேரப் பந்தியில் இன்றைக்கும் அது தன்னைக் காட்டும். ஆனால் முக்கால் பங்கு போயிற்று. அது வெள்ளையம்மாவின் கையாலா, சும்மாட்டாலா, நடையாலா, நாள் ஆனதாலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஊசி எங்கள் காலத்தில் இல்லை. தெரியாததை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், டாக்டர் சொன்னால் போட்டுப் பாருங்கள். அறுப்பதை மட்டும் கடைசிக்குத் தள்ளு, ஒரு வருஷமாவது போகட்டும். உதையும் எலும்பு வைத்தியமும் வேண்டவே வேண்டாம். உன் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து முறுக்கி, நீயே உன் கையால் ஒரு வளையம் செய்து கொடு. வெந்நீரை நீயே காய்ச்சித் தொட்டியில் ஊற்று, அவள் உள்ளே போனதும் கதவைச் சாத்து, பக்கத்து வீட்டுப் பெண்கள் அந்த நேரத்தில் வந்தால் வாசலிலேயே நின்று பேசி அனுப்பு. எனக்குக் கிடைக்காத மருந்து அது ஒன்றுதான். சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு நட, குழந்தையை நீ தூக்கிக்கொள். நடமாடுகிறாளே, அப்புறம் என்ன வலி என்று ஒரு நாளும், மனசுக்குள்ளும், நினைத்துவிடாதே. அவள் எங்காவது கொஞ்ச நாள் தனியாகப் போக வேண்டும் என்றால் அனுப்பு. ஆனால் குழந்தையையும் கூட அனுப்பு. நான் மலைக்குப் போனது தப்பில்லை கண்ணு, உன்னை விட்டுப் போனதுதான் தப்பு. படுத்தபடி பால் கொடுத்து முடித்ததும், யாரும் உடனே குழந்தையை எடுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள். அவள் பக்கத்திலேயே கிடக்கட்டும். வயிற்றின்மேல் படுக்க வைக்கட்டும். மடி இல்லாவிட்டால் என்ன, உடம்பில் வேறு இடமே இல்லையா.

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். வலி எங்கே, எப்போது, யார் யார் என்ன சொன்னார்கள் என்று இரண்டு பக்கமும் அடைத்து எழுதியிருக்கிறாய். அந்த இரண்டு பக்கத்தில் என் பேத்தியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. முகம் பார்த்துச் சிரிக்கிறாளா? குப்புற விழப் பார்க்கிறாளா? யார் தூக்கினால் அழுகையை நிறுத்துகிறாள்? அவள் அம்மாவிடம் கேட்டு, அவள் சொல்லச் சொல்ல எழுது. வைத்தியத்தைப் பற்றி அதற்கு அப்புறம் எழுதலாம்.

உன் அம்மா